ஏழாவது கேள்வி

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் வால்வு செய்யும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். செய்து முடித்த பாகத்தை அளக்க வேண்டும், தாளில் உள்ள கட்டத்தில் டிக் போட வேண்டும், கீழே கையெழுத்துப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். அளக்காமல் டிக் போடுகிறவனைக் கண்டால் எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிடும். இரண்டாம் ஷிப்ட்காரன் ஒருவன் டீயை உறிஞ்சிக்கொண்டே இருபது கட்டத்துக்கும் வரிசையாக டிக் போட்டதைப் பார்த்து, தாளைப் பிடுங்கி அவனுடைய டீ கிளாஸிலேயே முக்கியிருக்கிறேன். மேனேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். நான் செய்தது சரி என்றுதான் அப்போதும் சொன்னேன். இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அப்பேர்ப்பட்ட நான் என் மனைவி விஷயத்தில் ஒரு டிக்கை மாற்றிப் போட்டேன். தெரியாமல் போட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

சந்தாபுராவில் நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அபார்ட்மென்ட் ஒன்றில் தரைத்தளத்தில் இருக்கிறோம். அங்கே பாதிப் பேர் தமிழ்க்காரர்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் மனைவி பன்னிரண்டு வருடமாக வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுவந்தாள். காலை ஆறு மணிக்கெல்லாம் தூக்குப் பாத்திரத்தோடு கதவைத் தட்ட ஆரம்பிப்பார்கள். என் சம்பளத்திலேயே வீடு ஓடிவிடும் என்பதால் அந்த வருமானம் பெரிய விஷயமில்லை. ஆறு மணிக்குக் கதவைத் தட்ட ஆள் இருக்கிறது என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம். அவள் ஆனேக்கல்லிலேயே பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவள். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத்து சுத்தமாகப் புரியாது. அவளுக்குத் தமிழ் பேச்சில் மட்டும்தான். அதனால் கன்னடத்தில் வரும் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் அவள் படித்துச் சொல்வாள். இங்கிலீஷில் வருவதெல்லாம் என் தலையில் விழும். கல்யாணமான நாளிலிருந்து இப்படியே பழகிவிட்டோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்கு இடுப்பு வலி வந்தது. கிரைண்டரைத் தூக்கி இறக்குவதால் வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் ஸ்கேன் எடுத்தபோது மார்பில் கட்டி என்று தெரிந்தது. அது ஏற்கெனவே முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் போயிருந்தது. ஆபரேஷனால் பிரயோஜனமில்லை, கட்டுக்குள் வைத்திருக்கலாம் என்றார்கள். தினம் மாத்திரை. எலும்பு நொறுங்காமல் இருக்க மாதம் ஒருமுறை கையில் டிரிப்பாக ஏற்றும் எலும்பு ஊசி. முடி கொட்டவில்லை, உடம்பு இளைக்கவில்லை. அதனால் மறைக்க முடிந்தது.

மறைக்க வேண்டும் என்று முதலில் சொன்னவள் அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாள். "கேன்சர்னு தெரிஞ்சா என் கையால மாவு வாங்குவாங்களா? டிஸ்க் பிராப்ளம்னு சொல்லிடுங்க. சாகிற வரைக்கும் டிஸ்க்குதான்."

சரி என்றேன். மாதாமாதம் ஊசிக்குப் போகும் நாளை அபார்ட்மென்டில் பிசியோதெரபி நாள் என்று சொல்லிவைத்தோம். ஆஸ்பத்திரி ஃபைலைக் குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். அந்த ஃபைலின் முதல் பக்கத்தில், ஊசி போடும் நர்ஸ் சிவப்பு மையால் கோடு போட்டுக் காட்டிய ஒரு வரி உண்டு. ஆஸ்பத்திரியைக் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது என்பதுதான் அது. நர்ஸ் அதை வாயாலும் இரண்டு தடவை சொன்னார். நான் இரண்டு தடவையும் தலையாட்டினேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அபார்ட்மென்ட் ஹாலில் இலவசப் பல் பரிசோதனை முகாம் வைத்தார்கள். மெயின் ரோட்டில் புதிதாக கிளினிக் திறந்திருந்த ஒரு இளம் டாக்டர் பெண் வந்திருந்தாள். ஏற்பாடெல்லாம் மூன்றாம் மாடி அக்காவுடையது. அசோசியேஷன் செக்ரெட்டரியின் மனைவி. நல்ல மனசு, ஆனால் அவர் காதில் விழுந்தது மாலைக்குள் நாற்பத்தெட்டு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். என் மனைவிக்கு ஒரு வாரமாக இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் குடைந்துகொண்டிருந்தது. காட்டிவிட்டு வரலாம் என்று போனோம்.

உட்கார்ந்ததும் ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றும் இங்கிலீஷில், அதற்கடியில் கன்னடத்தில். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா என்று போய், ஏழாவது கேள்வி இப்படி இருந்தது: புற்றுநோய்க்குச் சிகிச்சையோ, எலும்புக்கு ஊசி அல்லது மாத்திரையோ எடுத்துக்கொள்கிறீர்களா?

மூன்றாம் மாடி அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். "இன்னும் ஆகலையா அண்ணா, லைன் நிக்குது பாருங்க" என்று என் தோளுக்கு மேலே குனிந்து தாளைப் பார்த்தார். எனக்கு அந்த நர்ஸ் ஞாபகத்துக்கு வந்தார், சிவப்புக் கோடும் வந்தது. கூடவே, பல் எங்கே இடுப்பு எங்கே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற எண்ணமும் வந்தது. நமக்கு வசதியான எண்ணம் சமயத்தில் வந்து நிற்கத் தவறுவதேயில்லை. பத்துக் கேள்விக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழாக டிக் போட்டேன், டீ குடித்துக்கொண்டே போட்டவனைப் போல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தாளை வாங்கிக் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பல் சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. மறுநாள் சாயந்திரம் கிளினிக்கில் பிடுங்கினார்கள். சுளுவாக வந்துவிட்டது என்று டாக்டர் பெண்ணே சந்தோஷப்பட்டாள்.

பல் போன குழி மூடவில்லை. ஒரு வாரம் போனது, ஒரு மாதம் போனது. ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். சதை வளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் துவரம்பருப்பு அளவுக்கு வெளிர்மஞ்சளாக ஏதோ தெரிந்தது. ஒட்டிக்கொண்டிருக்கும் சோறு என்று நினைத்துப் பஞ்சால் தொட்டேன். கெட்டியாக இருந்தது. அவளுக்கு வலிக்கவும் இல்லை. அது எலும்பு.

வலி பிறகு வந்தது. கூடவே சீழும் நாற்றமும் வந்தன. கீழுதட்டில் இடது பாதி மரத்துப்போனது. கஞ்சி குடிக்கும்போது மோவாயில் வழிவது அவளுக்கே தெரியாது, நான்தான் துடைத்துவிட வேண்டும். டாக்டர் பெண் இரண்டு தடவை ஆன்டிபயாடிக் மாற்றிக் கொடுத்தாள். மூன்றாவது தடவை போனபோது எக்ஸ்ரேயை நெடுநேரம் பார்த்தாள். என் மனைவியை நாற்காலியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் வெளி அறைக்கு அழைத்தாள். டாக்டர் பெண்ணுக்குத் தாய்மொழி கன்னடம், எனக்கும் அது பேச வரும் என்றாலும் என்னிடம் தமிழை வளைத்து வளைத்துத்தான் பேசுவாள்.

"அங்கிள், ஆன்டிக்கு எலும்புக்கு ஏதாவது இன்ஜெக்ஷன் போடுறாங்களா?"

சொன்னேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்துபோய் ரேக்கிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துவந்து, ஏழாவது வரியில் விரலை வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் சத்தம் போட்டிருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. தாடை எலும்புக்கென்றே இருக்கும் சர்ஜனுக்கு அவசரமாக ஒரு கடிதம் எழுதினாள். என் மனைவியிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சிறிது யோசித்துவிட்டு, சரி என்றாள்.

திரும்பி வரும்போது, டாக்டர் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னாள் என்று மனைவி கேட்டாள். எலும்பு ஊசி போடுகிறவர்களுக்குப் பல் பிடுங்கக் கூடாதாம், முன்னாடியே கேட்டிருக்க வேண்டும், கேட்காமல் விட்டுவிட்டாளாம் என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னதால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் அந்தப் பெண்ணைத் திட்ட ஆரம்பித்தாள். என்னிடம் திட்டினாள். மாவு வாங்க வந்தவர்களிடம், ஒன்றும் விசாரிக்காமல் பிடுங்கிவிட்டாள், புண் ஆறவே மாட்டேனென்கிறது என்று சொன்னாள். ஊசி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. மூன்றாம் மாடி அக்காவுக்கு அவ்வளவு போதும். அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில், அந்த கிளினிக்குக்குப் போகிறவர்கள் யோசித்துப் போங்கள் என்று வந்தது. அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். நான் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். சில மாதங்களில் கிளினிக்கில் வேலைக்கு இருந்த அம்மா நின்றுபோனார், டாக்டர் பெண்ணே காலையில் வாசலைப் பெருக்குவதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். என்னைப் பார்த்தால் பழையபடி, ஆன்டி எப்படியிருக்காங்க என்று கேட்பாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. பஸ் ஸ்டாப்பையே மாற்றிக்கொண்டேன்.

தாடை சர்ஜன் அல்சூர்த் தமிழர், ஐம்பது வயதிருக்கும். எதையும் பூசி மெழுகாமல் பேசுவார். எலும்பு சும்மா இருக்கும் பொருளில்லை, பழையதை அரித்து அள்ளிக்கொண்டு போக ஒரு கூட்டம், புதிதாகக் கட்ட ஒரு கூட்டம் என்று அதற்குள் எந்நேரமும் வேலை நடக்கிறது என்றார். புற்றுநோய் அந்த அரிக்கிற கூட்டத்தைத்தான் ஏவிவிடுமாம். ஊசி அதை அடக்கிவிடும். முதுகுக்கும் இடுப்புக்கும் அது நல்லது. ஆனால் பல் பிடுங்கிய குழியில் அள்ள ஆளில்லாமல் போய்விடுகிறது. குப்பை வண்டி வராத தெரு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். வாயில் கிருமிக்குப் பஞ்சமில்லை. எலும்பு இருந்த இடத்திலேயே செத்துப்போகிறது. ஊசியை இன்று நிறுத்தினாலும் ஏற்கெனவே ஏறிய மருந்து வருடக்கணக்கில் எலும்புக்குள்ளேயே கிடக்கும் என்றார்.

கேன்சர் டாக்டரோடு பேசி ஊசியை நிறுத்திவைத்தார்கள். முதலில் வெட்டாமல் பார்க்கலாம் என்று மருந்தும், வாய் கொப்பளிக்கத் தண்ணீரும், முனை வளைந்த ஒரு சிரிஞ்சும் கொடுத்தார்கள். தினம் மூன்று வேளை அந்தக் குழிக்குள் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அது என் வேலையாகிவிட்டது. அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வாயைத் திறப்பாள், நான் நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு குனிவேன். நோட்டில் தேதி போட்டு வெளியே தெரியும் எலும்பின் அளவைக் கண்ணளவாக எழுதிவைத்தேன். முதலில் நாலு மில்லிமீட்டர். தீபாவளிக்கு ஒன்பது. என் கண்ணளவு தப்பாது, கம்பெனியில் கேட்டால் சொல்வார்கள். இந்த ஒன்றில் தப்பாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

ஒருநாள் கழுவும்போது அரிசிக் குருணை மாதிரி ஒரு துண்டு கழன்று கிண்ணத்தில் விழுந்தது. செத்தது தானாகக் கழன்றால் நல்லது என்று சர்ஜன் சொல்லியிருந்ததால் இருவரும் சந்தோஷப்பட்டோம். அன்று அவள் பாயசம் வைத்தாள். மறுவாரம் ஸ்கேனில், வெளியே தெரிந்ததைப்போல மூன்று மடங்கு உள்ளே செத்துக்கிடந்தது தெரிந்தது.

மாவு வாங்க வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவள் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் மாவை அளந்து ஊற்றினாள். அதையும் தாண்டி நாற்றம் வீசியது, எனக்கே வீசியது. மாவிலேயே வாடை வருவதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று மூன்றாம் மாடி அக்கா தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். தை மாதத்தில் ஒரு காலை, ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை ஒருவரும் கதவைத் தட்டவில்லை. அவள் அரைத்த மாவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதைக் காப்பாற்றுவதற்காக நான் அந்த டிக்கைப் போட்டேனோ, அது அன்றோடு போயிற்று.

அந்த மாவில்தான் இட்லி சுட்டோம். ரசத்தில் ஊறவைத்துப் பிசைந்து கொடுத்தேன். இரண்டாவது வாயை மெல்லும்போது 'டக்' என்று ஒரு சத்தம். எதிரில் இருந்த எனக்கே கேட்டது. அவள் இரண்டு கையாலும் தாடையை ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். ரசத்தில் ஊறிய இட்லிக்கு ஒரு தாடை உடைந்தது. இதை இன்னும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இனி வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார் சர்ஜன். உடைந்த துண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் டைட்டானியம் தகடு வைப்பாராம். எவ்வளவு தூரம் வெட்டுவீர்கள் என்று கேட்டேன். அளவு கேட்பது என் புத்தி.

"ரத்தம் வர்ற வரைக்கும்" என்றார். "செத்த எலும்புல ரத்தம் வராது. எங்க ரத்தம் கசியுதோ, அங்க நிறுத்துவேன்."

அட்மிஷனுக்குப் போன காலையில் மூன்றாம் மாடி அக்கா துணைக்கு வருகிறேன் என்று பிளாஸ்க்கோடு ஆட்டோவில் ஏறிவிட்டார். அவரைப் பொறுத்தவரை இது பல் பிடுங்கியதில் வந்த கோளாறு. ஆஸ்பத்திரியில் உட்காரவைத்து ஒரு படிவத்தைக் கொடுத்தார்கள். அதே கேள்விகள். இங்கிலீஷில், அடியில் கன்னடத்தில். கேன்சர் என்ற சொல்லுக்கு வந்ததும் என் பேனா நின்றது. அக்கா பக்கத்து நாற்காலியில் இருந்தார். இவ்வளவுக்கும் பிறகு, தாடை உடைந்து கட்டுப்போட்டு மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதும், என் கை நின்றது. இதற்கு நான் என்னை எந்த டீ கிளாஸில் முக்குவது.

மனைவி தாளை என் மடியிலிருந்து இழுத்துக்கொண்டாள். பேனாவையும் வாங்கினாள். கன்னட வரிகளில் விரலை ஓட்டி, கட்டுக்குள்ளிருந்து குழறிக் குழறி வாய்விட்டே படித்தாள். கேன்சர், ஆமாம். எலும்பு ஊசி, ஆமாம். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். டிக் போட்டு முடித்துவிட்டு என்னிடம் சொன்னாள்.

"எனக்குக் கன்னடம் படிக்க வரும்ங்க. அன்னிக்கும் வந்துச்சு."

அதற்குள் பெயரைக் கூப்பிட்டு அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள்.

ஐந்து மணி நேரம் ஆனது. சர்ஜன் வந்து, கோரைப்பல் தாண்டித்தான் ரத்தம் வந்தது என்றார். இடது தாடையில் பாதிக்குமேல் போய்விட்டது. மூக்கில் குழாயும் வீங்கிய முகமுமாகக் கிடந்தாள். பேசக் கூடாது என்பதால் கையில் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தார்கள். அவள் கன்னடத்தில்தான் எழுதுவாள், எனக்குப் படிக்கத் தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு நர்ஸ் பெண் நின்று படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் கேட்டேன். பார்த்துக்கொண்டுதானே இருந்தாய், ஏன் என் கையைப் பிடிக்கவில்லை என்று. எவ்வளவு கேவலமான கேள்வி என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. அவள் ஒரு வரி எழுதி நர்ஸிடம் நீட்டினாள். நர்ஸ் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நானும் மாவைத்தான் நெனச்சேன்னு எழுதியிருக்காங்க. என்ன மாவு அங்கிள்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதேன். மனைவி நோட்டை வாங்கி இன்னொரு வரி எழுதினாள். வீட்டுக்குப் போனதும் முதலில் அந்தப் பல் டாக்டர் பெண்ணிடம் போக வேண்டுமாம்.

டிஸ்சார்ஜ் ஆகிப் பதினைந்து நாள் கழித்துப் போனோம். முகம் இடது பக்கம் ஒட்டிப்போய், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அவள் பேச்சு எனக்கே பாதிதான் விளங்கும், பழகிய மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. இனி இவ்வளவுதான் பேச்சு என்று சர்ஜன் சொல்லியிருந்தார். எலும்பு ஊசியை மறுபடி ஆரம்பிப்பதா வேண்டாமா என்று கேன்சர் டாக்டர் இன்னும் முடிவு செய்யவில்லை. இடுப்பு வலி திரும்ப வந்திருந்தது. அதோடுதான் கிளினிக்கின் நாலு படியையும் என் தோளைப் பிடித்து ஏறினாள்.

உள்ளே மூன்று பேர் காத்திருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் அபார்ட்மென்ட், இரண்டாம் மாடி. டாக்டர் பெண் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்து, என் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் மெதுவாகச் சொன்னாள். வெறும் காற்றும் எச்சிலுமாகத்தான் வந்தது. திரும்பவும் சொன்னாள். டாக்டர் பெண் குனிந்து காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டு, கண் கலங்கி என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்றாங்க அங்கிள்? எனக்கு அர்த்தம் ஆகல."

எனக்கு நன்றாக அர்த்தமாகியிருந்தது. தப்பு எங்களுடையது, நீ கேட்டாய், நாங்கள்தான் இல்லை என்று போட்டோம் என்றுதான் அவள் சொன்னாள். அதையே சொல்ல வாயைத் திறந்தேன், குரல் மெதுவாகத்தான் வந்தது. மனைவி என் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்து, காத்திருந்த மூன்று பேரையும் கண்ணால் காட்டினாள்.

அவர்களுக்கும் கேட்கும்படி, முதலிலிருந்து சொன்னேன்.